ஏழாவது பாட்டின் கூப்பாடு

கோபம் வந்தால் சிலர் கத்துவார்கள், சிலர் பாத்திரத்தை உருட்டுவார்கள். டோக்கன் அக்கா இரண்டும் செய்ததில்லை. கண் மருத்துவமனையின் கூடத்தில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, பத்தொன்பது வருடமாக எண்களைக் கூப்பிட்டு வந்தவள் அவள். "நாற்பத்தொன்று, மூன்றாம் அறை. நாற்பத்திரண்டு, ஐந்தாம் அறை." குரலில் ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. இந்த அக்கா ஒரு காலத்தில் பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, நாற்பது வாத்தியக்காரர்களுக்கு நடுவில் நின்று பாடியவள் என்று யாராவது சொல்லியிருந்தால், சொட்டு மருந்து விட்டுக்கொண்டு அண்ணாந்து கிடப்பவர்கள்கூட எழுந்து உட்கார்ந்து சிரித்திருப்பார்கள். அதனால் அவள் அங்கே யாரிடமும் சொன்னதில்லை.

அந்தத் திங்கட்கிழமை கூரையில் புதிதாக ஆறு ஸ்பீக்கர்கள் தொங்கின. காத்திருக்கும் நோயாளிகள் எரிச்சல் படுகிறார்கள், மெல்லிசை போட்டால் அடங்கிவிடுவார்கள் என்று மேலாளருக்கு யாரோ யோசனை சொல்லியிருந்தார்கள். எரிச்சலுக்குக் காரணம், மூன்று டாக்டர்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒருவர் இருப்பது. டாக்டரைத் தேடிப் பிடிப்பதைவிட ஸ்பீக்கரை மாட்டுவது சுலபம். மாட்டிவிட்டார்கள்.

ஒன்பதரைக்கு இசை தொடங்கியது. செல்லோ வாத்தியங்கள் கீழ்ச் சுருதியிலிருந்து மெதுவாக ஏறி வந்தன. பிறகு ஒற்றைப் புல்லாங்குழல். டோக்கன் அக்காவின் மண்டைக்குப் புரிவதற்கு முன்பே உடம்புக்குப் புரிந்துவிட்டது. மூச்சை இழுத்து நிறுத்தினாள். ஐந்தாவது தாள அடியில் பாட வேண்டும். ஐந்தாவது அடி வந்தது, குரல் வரவில்லை. வயலின்கள் மட்டும், வருகிற ஆளுக்கு வழிவிடுவதுபோல ஒதுங்கி, வராத ஆளுக்காக ஒதுங்கியபடியே போய்க்கொண்டிருந்தன.

அது அவளுடைய பாட்டு. அவளுடைய முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு. முதல் ஆல்பமும் அதுதான், கடைசி ஆல்பமும் அதுதான். அதிலிருந்து அவளை மட்டும் அள்ளி வெளியே போட்டிருந்தார்கள்.

"ஏம்மா, நாற்பத்தஞ்சு எத்தன தடவ கூப்பிடுவீங்க?" என்று முன்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். நாற்பத்தைந்தை அவள் மூன்று முறை கூப்பிட்டிருந்தாள்.

மதிய இடைவேளையில் மேலாளர் அறைக்குப் போனாள். அவன் அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன். கெட்டவன் இல்லை, விவரம் போதாதவன்.

"தம்பி, இந்தப் பாட்டு உங்களுக்கு எங்க கெடச்சுது?"

"பாட்டு இல்லக்கா, வெறும் மியூசிக்தான். ஒரு கம்பெனிக்காரன் ஆஸ்பத்திரி, ஆபீஸ், லிப்டுன்னு எல்லாத்துக்கும் சப்ளை பண்றான். நல்லா இருக்குல்ல? எனக்கே கொட்டாவி வருது."

கணினியைத் திருப்பிக் காட்டினான். 'அமைதி - 1', 'அமைதி - 2' என்று பத்து வரை எண் போட்டிருந்தது. அவள் வைத்த தலைப்புகள் ஒன்றுகூட இல்லை. 'ஆறாம் நம்பர் அறை' என்ற பாட்டு 'அமைதி - 1' ஆகியிருந்தது. 'பூட்டிய வாசல்' என்ற பாட்டு 'அமைதி - 7'. கீழே இசை என்று போட்டு ஒரே ஒரு பெயர் இருந்தது. அந்தப் பாட்டுகளுக்கு வாத்திய இசை அமைத்த மாஸ்டருடைய பெயர்.

"நல்லா இருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அந்த 'நல்லா இருக்கு'க்காகத் தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

இருபத்தேழு வருடத்துக்கு முன்னால் அவள் பெண்கள் விடுதியில் ஆறாம் நம்பர் அறையில் இருந்தாள். நான்கு கட்டில், ஆறு பேர். துணி காயப்போட வெளியே இடம் கிடையாது. அறைக்குள்ளேயே கயிறு கட்டி, சொட்டுகிற துணிகளுக்குக் கீழே உட்கார்ந்து, ஒரு பழைய கிதாரில் பாட்டுக் கட்டினாள். வேலைக்குப் போகிற பெண்களின் பாட்டுகள். வீட்டுக்கு எழுதாத கடிதம், பூட்டின கேட்டுக்கு வெளியே நிற்கிற பத்து நிமிடம், ஒரே சீப்பை ஆறு பேர் தேடுகிற காலை. ஆல்பத்துக்கு 'காயாத துணிகள்' என்று பெயர் வைத்தாள். ஒரு சின்ன இசைக் கம்பெனி ஒப்புக்கொண்டது. வெளிநாட்டில் இசை படித்துவிட்டு வந்திருந்த மாஸ்டரிடம் அவளை அழைத்துப் போனது.

மாஸ்டருக்கு அப்போது முப்பது வயது. "கிதார்ல பாடினா கேண்டீன்லதான் கேப்பாங்க. இதுக்கு நாப்பது பேர் வேணும்" என்றார். நாற்பது பேருக்கும் தாள் தாளாக எழுதினார். நன்றாகத்தான் எழுதினார், அதை மறுத்தால் பொய். அவளுடைய மெட்டுக்குக் கீழே தரையும் மேலே கூரையும் போட்டுக் கொடுத்தார். அவளும் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள்.

ஒலிப்பதிவுக்கு ஒரு பெரிய கூடம் மூன்றே நாள் கிடைத்தது. முதலில் வாத்தியங்களைப் பதிவு செய்வது, அடுத்த வாரம் அவள் குரலைத் தனியாகப் பதிவு செய்து மேலே சேர்ப்பது என்று திட்டம். அதுவரை வாத்தியக்காரர்களுக்குப் பாட்டின் போக்குத் தெரிவதற்காக, அவள் கண்ணாடி அறைக்குள் நின்று பாடிக்கொண்டிருக்க வேண்டும். முதல் நாளே அவள் கண்ணாடி அறைக்குள் போக மாட்டேன் என்றுவிட்டாள். அடம்தான். ஆனால் காரணம் இருந்தது. வயலின் வில் ஏறுவதைப் பார்த்தால்தான் அவளுக்கு மூச்சு ஏறும். இரண்டாம் வரிசை வயலின்களுக்கும் வயோலா வாத்தியங்களுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள். "உங்க குரல் எல்லா மைக்லயும் விழுது, அப்புறம் எடுக்கவே முடியாது" என்று ஒலிப்பதிவாளர் தலையில் அடித்துக்கொண்டார். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. மாஸ்டர், "விடுப்பா, பாத்துக்கலாம்" என்று கையை உயர்த்திவிட்டார்.

மூன்றாம் நாள் மாலை ஏழாவது பாட்டு. கூடத்தைக் காலி செய்ய அரை மணிதான் பாக்கி. பாட்டின் பாதியில், கையசைத்து நடத்திக்கொண்டிருந்த மாஸ்டர் தன் தாளில் இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிவிட்டார். அவர் கை எங்கோ போக, நாற்பது பேரும் நடுத்தெருவில் விட்ட பிள்ளைகள்போல முழித்தார்கள். செல்லோ ஒரு பக்கம் இழுத்தது, புல்லாங்குழல் நின்றே போனது. அப்போதுதான் அவள் கத்தினாள். "என்னப் பாருங்க!" கையை உயர்த்தி அடி காட்டி, குரலால் அவர்களைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். எட்டே அடிகள். மாஸ்டர் பக்கத்தைக் கண்டுபிடித்து மறுபடி ஏறிக்கொண்டார். பாட்டு முடிந்தது. மறுபடி வாசிக்க நேரமில்லை.

மாஸ்டர் அவளை ஓரமாக அழைத்துப் போனார். "அந்த எடத்துல அடுத்த வாரம் நீ நீட்டிப் பாடிடு. கத்தினது கேக்காது. இது நமக்குள்ள இருக்கட்டும்மா. ரெண்டாவது ஆல்பம் பெருசா பண்ணுவோம்." அவள் நீட்டிப் பாடினாள். அவருடைய தவற்றின்மேல் தன்னுடைய குரலைப் போர்வை மாதிரி போர்த்தி மூடினாள்.

ஆல்பம் வந்தது, வந்த சுவடு தெரியாமல் போனது. ஒரே ஒரு பத்திரிகை நாலு வரி எழுதியது. பாடகியின் குரல் கலங்கிக் கேட்கிறது, ஒருவருக்குப் பதில் இருவர் பாடுவதுபோல இருக்கிறது, வாத்திய இசை மட்டும் அருமை என்றது. மாஸ்டர் அந்தப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, கம்பெனிக்காரர்கள் முன்னால் சொன்னார்: "நான் அப்பவே சொன்னேன், கண்ணாடி ரூமுக்குள்ள போம்மான்னு. கேட்டாத்தானே?" அவள் வாயைத் திறக்கவில்லை. இரண்டு பக்கம் சேர்ந்து புரண்டதைச் சொன்னால் இரண்டாவது ஆல்பம் போய்விடும் என்று நினைத்தாள். சொல்லாமலும் அது போய்விட்டது. போதாக்குறைக்கு, தன் முட்டாள்தனத்தால்தான் எல்லாம் கெட்டது என்று அவளே நம்பவும் தொடங்கிவிட்டாள். இந்த இடத்தில்தான் எனக்கு அவள்மேல் ஆத்திரமாக வருகிறது. திட்டுகிறவன் திட்டிவிட்டுப் போகிறான், அதை எடுத்து மடித்துப் பெட்டியில் வைத்துப் பாதுகாப்பானேன்?

பெட்டியில்தான் வைத்திருந்தாள், ஒரே ஒரு சிடியாக.

திங்கட்கிழமை மாலை வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து, கிரீஸ் படிந்த கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் லிப்ட் மெக்கானிக். அதிகம் பேச மாட்டார். கல்யாணத்துக்கு முன்னால் தான் ஒரு ஆல்பம் செய்ததாகவும் அது விலை போகவில்லை என்றும் அவள் ஒருமுறை சொல்லியிருந்தாள். 'சரி' என்றார். அதோடு சரி.

அவள் நடந்ததைச் சொன்னாள். செல்லோ ஏறுவதை வாயால் முனகிக் காட்டினாள். அவர் குழாயை மூடிவிட்டுத் திரும்பினார்.

"இதுவா? இது ஏழெட்டு மாசமா எல்லா லிப்ட்லயும் ஓடுதே. இதால நான் பட்ட பாடு கொஞ்சமா?"

"என்ன பாடு?"

"அந்தப் பன்னெண்டு மாடி ஆபீஸ் இருக்குல்ல, அங்கேருந்து போன் மேல போன். லிப்ட் குழியில யாரோ பொம்பள மாட்டிக்கிட்டுக் கத்துறாங்கன்னு. ரெண்டு தடவ டார்ச் எடுத்துக்கிட்டுக் குழிக்குள்ள எறங்கினேன். ஒரு குடையும் நாலு செருப்பும்தான் கெடந்துச்சு. அப்புறம் ஸ்பீக்கரக் கழட்டிப் பாத்தேன். கோளாறு மியூசிக்ல இருக்கு. ஒரு எடத்துல யாரோ கத்துறாங்க."

"என்னன்னு கத்துறாங்க?"

"சரியாக் கேக்கல. என்னமோ பாருங்கன்னு..."

இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் முதல்முறையாக அவள் அவரை ஒரு பிடி பிடித்தாள்.

"அது நான்தாங்க! குழியில எறங்கித் தேடினீங்களே, அது உங்க பொண்டாட்டி! இத்தன வருஷத்துல ஒரு நாளாவது, அந்த சிடியப் போடு, கேப்போம்னு சொன்னீங்களா?"

"நீ பெட்டியப் பூட்டி வச்சிருந்தே. பூட்டினத நான் எதுக்குத் தொறக்கச் சொல்லணும்னு..."

"ஊர்ல இருக்கற லிப்ட் கதவெல்லாம் தொறக்கத் தெரியுது!"

அவர் கைத் துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆபீஸ் மூடியிருக்கும் நேரம் பார்த்து, அவளைக் கூட்டிக்கொண்டு அந்தப் பன்னிரண்டு மாடிக் கட்டடத்துக்குப் போனார். சாவி போட்டு லிப்டை ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் நிறுத்தினார். காற்றாடியையும் அணைத்தார். இருவரும் இரும்புச் சுவரில் சாய்ந்து நின்று கேட்டார்கள்.

முதல் பாட்டிலிருந்தே அவள் இருந்தாள். ஆஸ்பத்திரிக் கூடத்தின் இரைச்சலில் கேட்காதது இங்கே கேட்டது. வயலின்களுக்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பாடுவதுபோல, மெல்லிசாக, முழுசாக. எல்லா மைக்கிலும் விழுந்திருந்த குரல். மேலே சேர்த்த குரலை எடுத்துவிட்டார்கள், இதை எடுக்க முடியவில்லை. கண்ணாடி அறைக்குள் நல்ல பிள்ளையாகப் போயிருந்தால் இன்றைக்கு அவள் ஒரு துளிகூட மிஞ்சியிருக்க மாட்டாள். ஏழாவது பாட்டில், போர்வையை விலக்கியதும் வெளியே தெரிகிற பாதத்தைப்போல, அந்தக் கத்தல் அப்பட்டமாக வந்து விழுந்தது. "என்னப் பாருங்க!"

வீட்டுக்காரர் திடுக்கிட்டு அவளைப் பார்த்தார். பிறகு, "இன்னொரு தடவ போடட்டுமா?" என்றார். போட்டார். நாலு தடவை கேட்டார்கள். இறங்கி வரும்போது அவர், "நீ நல்லாத்தானே பாடியிருக்கே" என்று யாரையோ குற்றம் சாட்டுகிற மாதிரி சொன்னார்.

ஆனால் பழக்கம் லேசில் போகுமா? செவ்வாய்க்கிழமை கூடத்தில் ஏழாவது பாட்டு ஓடும்போது, கண்ணை மூடி உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "யாரும்மா அது, கூப்பிடுறது?" என்று கேட்டார். சொட்டு மருந்து விட்டவர்களுக்குக் காதுதான் வேலை செய்யும். "ஸ்பீக்கர்ல ஏதோ கோளாறுங்க" என்றாள் அவள். சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இருபத்தேழு வருடம் கழித்தும் அந்த ஆளுக்காகப் பூசி மெழுகிக்கொண்டிருக்கிறாள்!

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மாஸ்டரைப் பார்க்கப் போனாள்.

மாஸ்டர் இப்போது பெரிய இசைப் பள்ளியின் தலைவர். அறை முழுக்கக் கேடயங்கள். சுவரில், அந்த மூன்றாம் நாள் ஒலிப்பதிவு முடிந்து எல்லாரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட புகைப்படம், சட்டம் போட்டுத் தொங்கியது. நாற்பது பேரும் இருந்தார்கள், நடுவில் மாஸ்டர் கையைத் தூக்கிக்கொண்டு இருந்தார். வலது ஓரத்தில் படத்தை வெட்டியிருந்தார்கள். வெட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பெண்ணின் முழங்கை மட்டும் தெரிந்தது.

"வாம்மா வா! அப்படியே இருக்கியே!"

"அப்படியே இல்ல மாஸ்டர். என் பாட்டக் கேட்டேன், கண்ணாஸ்பத்திரியில."

அவர் முகம் மலர்ந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. "கேட்டியா! எங்கெல்லாம் போகுது பாரு. கெடப்புல கெடந்தத நான்தான் தூசி தட்டி எடுத்தேன். வாத்தியம் இருந்த டேப் மட்டும் நல்லா இருந்துச்சு. உன் குரல் இருந்த டேப்ப கம்பெனி எடம் மாறும்போது எவனோ குப்பையில போட்டுட்டான்."

"என் பேரு எங்க மாஸ்டர்?"

"பாட்டுல வார்த்தையே இல்லையேம்மா. எழுதினவ பேர எங்க போடுறது?"

"மெட்டு?"

"மெட்ட வாசிக்கறது என் வாத்தியம்தானே" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நானே உன்னத் தேடணும்னு இருந்தேன். ஏழாவதுல ஒரு சின்னச் சத்தம் இருக்கு. லிப்ட்ல கேட்டுட்டு ஜனங்க பயப்படுறாங்களாம். இப்ப ஒரு புது மெஷின் வந்திருக்கு. ஒருத்தர் குரலத் தனியாக் குடுத்தா, அதப் படிச்சுக்கிட்டு, எங்க ஒளிஞ்சிருந்தாலும் சுத்தமாத் தொடச்சு எடுத்துடும். உன் குரல்தான் எங்ககிட்ட தனியா இல்லையே. ஒரு மணி நேரம் வந்து அந்தப் பாட்டுங்களப் பாடிக் குடுத்துடு. கடைசியில உனக்கு நன்றின்னு போட்டுடறேன்."

தன்னை அழிப்பதற்குத் தன்னையே பாட அழைக்கிறார் என்பது அவள் மண்டைக்குள் இறங்கியது.

"அந்த ஏழாவதப் போடுங்க மாஸ்டர். உங்க பெரிய ஸ்பீக்கர்ல."

"அது எதுக்கும்மா இப்ப?"

"போடுங்க."

போட்டார். அந்த இடம் வந்தது. செல்லோ தடுமாறியது, புல்லாங்குழல் நின்றது, இருபத்துநாலு வயதுப் பெண்ணொருத்தி கத்தினாள். எட்டு அடிகள் முழுக்க அவள் குரலைப் பிடித்துக்கொண்டு நாற்பது பேர் நடந்து வந்தார்கள். மாஸ்டர் தலையைக் குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பக்கம் சேந்து பொரண்டுச்சு. ஞாபகம் இருக்கா?"

"அதெல்லாம் முடிஞ்சு போன கத..."

"உங்களுக்கு முடிஞ்சுது. நான் கெடுத்துட்டேன்னு சொல்லிச் சொல்லி, நானும் நம்பி, அதுக்கப்புறம் ஒரு வரி எழுதல மாஸ்டர். ஒரே ஒரு வரி எழுதல! கண்ணாடி ரூமுக்குள்ள போகலன்னு திட்டினீங்களே, நல்லவேள போகல. நீங்க மறச்சு வைக்கச் சொன்னீங்க, மறச்சேன். இப்ப நீங்களே மூடிய எடுத்துட்டு, உள்ள இருக்கறது நாறுதுன்னு என்னையே வந்து கழுவச் சொல்றீங்க. வெக்கமா இல்ல?"

மாஸ்டர் பாட்டை நிறுத்தினார். "கோபப்படாதம்மா, பேசித் தீத்துக்கலாம்..."

"பேச ஒண்ணும் இல்ல. முழுப் பாட்டும் என்கிட்ட சிடியில இருக்கு. குரலோட, என் பேரோட, நான் வச்ச தலைப்போட வெளியிடுங்க. அதுவரைக்கும் என் வாயிலேருந்து ஒரு ஸ்வரம் உங்களுக்குக் கெடைக்காது. எல்லா லிப்ட்லயும் கத்திக்கிட்டேதான் இருப்பேன்."

வெளியே வரும்போது சுவரில் இருந்த படத்தைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். உடைக்கலாம் என்றுதான் கை போனது. மற்ற நாற்பது பேரும் என்ன பாவம் செய்தார்கள் என்று விட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. மூன்று டாக்டர் இடத்தில் அன்றைக்கும் ஒருவர்தான். பதினோரு மணி சுமாருக்கு ஏழாவது பாட்டு தொடங்கியது. டோக்கன் அக்கா எண் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். ஐந்தாம் அறையில் மணி அடித்தது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கூடத்தில் பேச்சு மெல்லத் தேய்ந்தது. அந்த இடம் வந்ததும், கண்ணை மூடியிருந்த தலைகள் ஒன்றிரண்டு நிமிர்ந்தன. ஒரு அம்மா பக்கத்து ஆளின் தோளைத் தொட்டு, "யாரோ கூப்பிடுறாங்க பாருங்க" என்றாள்.

டோக்கன் அக்கா மைக்கின் பொத்தானை அழுத்தினாள்.

"கூப்பிட்டது நான்தான். ஸ்பீக்கர்ல ஒரு கோளாறும் இல்ல. இது 'பூட்டிய வாசல்'னு ஒரு பாட்டு. எழுதினது நான், மெட்டுப் போட்டது நான், பாடினதும் நான். பாடினத எடுத்துட்டாங்க. கத்தினத எடுக்க முடியல."

சொட்டு மருந்து வழிய வழியப் பலர் கண்ணைத் திறந்து கண்ணாடித் தடுப்பின் பக்கம் பார்த்தார்கள். மேலாளர் அறையிலிருந்து ஓடி வந்தான்.

"அக்கா! என்னக்கா இது? ஐம்பத்தாறு வெயிட் பண்ணுது!"

"ஐம்பத்தாறும் கேக்கட்டும்" என்றாள் அவள், பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல். "நீங்களும் உக்காருங்க தம்பி. இன்னும் மூணு பாட்டு இருக்கு."